தனக்குத் தானே தீர்ப்பெழுதும் படை

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பூநாரைகளைப் பார்ப்பார்கள், இறால் வாங்குவார்கள், நேரம் மிச்சமிருந்தால் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கப்பட்டிருக்கும் எலும்புக்கூடுகளைப் படமெடுத்துக்கொள்வார்கள். முட்செடி மூடிய மேடாகக் கிடக்கும் கெல்ட்ரியா கோட்டையைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. 1613இல் எழுந்த அந்தக் கோட்டைதான் 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரரின் தலைமையிடம். இன்றும் அருகிலுள்ள மீனவர் ஊருக்குக் கோட்டைக்குப்பம் என்று பெயர். பழைய துறைமுகம், துணி வணிகம், ஏற்றுமதி என்று இந்தக் கோட்டையைப் பற்றி எழுதுவது வழக்கம். இங்கே கேட்க விரும்பும் கேள்வி வேறு. ஓர் ஆயுதம் தாங்கிய அமைப்பு வெளியார் குரல் நுழையாதபடி தன்னை மூடிக்கொண்டால், அது நடத்தும் போர்கள் எப்படி ஆகின்றன, அதைப் பெற்ற நாட்டுக்கு என்ன நேர்கிறது? இதற்கு இவ்வளவு தெளிவான விடை தரும் இடங்கள் நம் கடற்கரையில் அதிகமில்லை.

மூடிய படைக் கலாச்சாரம் என்றால் சீருடையோ கட்டுப்பாடோ முகாமின் மதிலோ அல்ல. எந்தப் படைக்கும் அவை வேண்டும். ஒரு படை தன் செயலைத் தானே அளந்து, தன் குற்றத்தைத் தானே விசாரித்து, தன்னோடு ஒத்துப்போகிறவரையே மேலே ஏற்றி, மாற்றுக் கருத்தைத் துரோகமாக எண்ணத் தொடங்கும் நிலையைத்தான் இங்கே சொல்கிறேன். அந்த நிலைக்கு வந்த படை கோழையாகிவிடுவதில்லை. பெரும்பாலும் அது துணிச்சலாகவே சண்டையிடும், சண்டைகளில் வெல்லவும் செய்யும். எதற்காகச் சண்டையிடுகிறோம் என்பதுதான் அதற்கு மறந்துபோகும். வழிமுறை இலக்கின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எதிர்பார்த்தது நடக்காதபோது இன்னும் கொஞ்சம் பலத்தைப் பயன்படுத்துவது என்ற ஒரே விடை மிஞ்சும்.

டச்சு ஐக்கியக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1602இல் நெதர்லாந்து அரசுப் பேரவை பட்டயம் வழங்கியது. ஆசியாவில் கோட்டை கட்டலாம், படை வைக்கலாம், மன்னர்களோடு உடன்படிக்கை செய்யலாம், போர் தொடுக்கலாம் என்று ஓர் அரசின் அதிகாரம் முழுவதும் அதில் இருந்தது. தாய்நாட்டில் பதினேழு இயக்குநர்கள் அதை நடத்தினார்கள். ஆசியாவுக்கு ஒரு கடிதம் போய் விடை திரும்ப ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் உண்மையான முடிவுகளைக் கிழக்கிலிருந்த கவர்னர் ஜெனரலும் அவருடைய சபையும் எடுத்தார்கள். கணக்குக் கேட்டவர்களுக்கும் கதவு திறக்கவில்லை. 1622இல் கம்பெனியின் பங்குதாரர்களே வரவு செலவைக் காட்டுங்கள் என்று துண்டறிக்கை அச்சிட்டுப் போராடினார்கள். போரில் இருக்கும் கம்பெனி கணக்கை வெளியிட்டால் எதிரிக்கு வசதியாகிவிடும் என்பது இயக்குநர்களின் பதில். வாளையும் தராசையும் ஒரே கையில் பிடித்திருந்த அமைப்பு, ஒன்றைக் காரணம் காட்டி மற்றதை மறைத்தது.

இந்த ஏற்பாட்டில் பழவேற்காட்டின் பங்கு பெரிது. மசாலாத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணிதான் செல்லுபடியானது. சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு 1610இல் டச்சுக்காரர் இங்கே பண்டகசாலை வைத்தார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அதைத் தாக்கியதும் அடுத்த ஆண்டு கோட்டை எழுந்தது. துணியோடு வெடிமருந்தும் இங்கே தயாராகிக் கிழக்கே போனது. கரையில் ஆழமான துறை கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கையும் ஆளையும் கட்டுமரத்திலும் சலங்கிலும் கொண்டுபோனவர்கள் உள்ளூர்ப் படகோட்டிகள். கோட்டை நின்றதே அவர்கள் துடுப்பை நம்பித்தான். ஆனால் கோட்டைக்குள் எடுத்த முடிவு எதிலும் அவர்களுக்கு ஒரு சொல் இருந்ததில்லை.

அந்த முடிவுகளுக்கு உருவம் கொடுத்தவர் யான் பீட்டர்சோன் கூன். போரில்லாமல் வணிகம் இல்லை, வணிகமில்லாமல் போரும் இல்லை என்ற கருத்தை 1614இலேயே இயக்குநர்களுக்கு எழுதியவர். கம்பெனிக்குள் அப்போது வேறு குரல்களும் இருந்தன. 1616இல் கவர்னர் ஜெனரலான லாரன்ஸ் ரெயால், அம்போனை வென்ற கடற்படைத் தலைவர் ஸ்டீவன் வான் டெர் ஹாகன் ஆகிய இருவரும், தீவு மக்கள் மீது பலத்தைப் பயன்படுத்தி ஏகபோகம் நாட்டுவது அநீதி, அது நிலைக்கவும் செய்யாது என்று வாதாடினார்கள். இருவரும் ஏட்டுப் படிப்பால் பேசியவர்கள் அல்லர். அந்தத் தீவுகளிலேயே பணி செய்தவர்கள். ரெயால் விலகினார், அவர் இடத்துக்குக் கூன் வந்தார். மூடிய அமைப்பு எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. தயங்கியவர்கள் வெளியேறினார்கள், தயங்காதவர் உயர்ந்தார். அடுத்து வந்தவர்கள் எந்தப் பாடத்தைப் படித்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை.

1621இல் கூன் பெரும் கப்பற்படையோடு பாண்டா தீவுகளுக்குப் போனார். உலகுக்கு ஜாதிக்காய் கிடைத்த இடம் அன்று அந்தச் சின்னத் தீவுக்கூட்டம் ஒன்றுதான். 1609இல் அங்கே தளபதி பீட்டர் வெர்ஹூவன் தம் ஆட்களோடு கொல்லப்பட்டிருந்தார். அந்தக் கப்பற்படையில் இளம் வணிகராகப் போயிருந்தவர் கூன். பழைய வஞ்சம் கம்பெனியின் நினைவாகவே தங்கிவிட்டிருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்த்தலைவர்களை ஜப்பானியக் கூலிப்படையினர் வெட்டிச் சாய்த்தார்கள். ஏறத்தாழ பதினைந்தாயிரம் என்று மதிப்பிடப்படும் மக்களில் தீவுகளில் எஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் மாண்டார்கள், தப்பியோடினார்கள், அடிமையாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள். செய்தி எட்டியபோது இயக்குநர்கள், இன்னும் மென்மையான வழியில் முடித்திருக்கலாம் என்ற பொருளில் கண்டித்து எழுதினார்கள். கூடவே கூனுக்கு 3,000 கில்டர் சன்மானமும் அளித்தார்கள். கண்டனம் காகிதத்தில் நின்றது. சன்மானம் கைக்குப் போனது. அதிகாரிகள் இரண்டில் எதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்வார்கள் என்பது எல்லாக் காலத்திலும் தெரிந்ததே.

வெற்றிக்கு அடுத்த நாள்தான் சிக்கல் தெரிந்தது. ஜாதிக்காய்த் தோட்டங்களை வளர்க்கத் தெரிந்த மக்களையே அழித்தாயிற்று. தீவுகளை 68 தோட்டங்களாகப் பிரித்து டச்சுக் குடியேறிகளுக்குக் கொடுத்தார்கள். வேலை செய்ய அடிமைகள் வேண்டியிருந்தது. அவர்களைத் திரட்டிய இடங்களில் ஒன்று சோழமண்டலக் கரை. வேங்கடர் 1614இல் இறந்தபின் வாரிசுப் போரும் பஞ்சமும் தமிழ் நிலத்தை உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. பசியில் விற்கப்பட்டவர்களும் போரில் பிடிபட்டவர்களும் 1620களில் பழவேற்காடு போன்ற துறைகளிலிருந்து கம்பெனியின் கிழக்குத் தலைமையிடமான பத்தாவியாவுக்கும் அதற்கு அப்பாலும் கப்பலேறினார்கள். ஆயிரக்கணக்கான மைல் தொலைவில், யாரையும் கேளாமல் நடந்த ஒரு போரின் பிழைக்கு இந்த ஏரிக்கரை ஆட்களைக் கொடுத்தது. மூடிய படையின் தவறு அதன் மதிலுக்குள் தங்குவதில்லை. அந்தப் படையின் பெயரைக்கூடக் கேட்டிராதவர் தலையில் போய் இறங்கும்.

அடுத்த இழப்பு டச்சு நாட்டுக்கே. ஆங்கிலேயரோடு நட்பு பாராட்டி 1619இல் அரசுகள் மட்டத்தில் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. அதன்படி பழவேற்காட்டு வணிகத்தில் ஆங்கிலேயருக்கு இடமுண்டு. கோட்டைப் படையின் செலவில் பாதியை அவர்கள் தரவேண்டும். 1621இல் வந்து சேர்ந்தார்கள். தலைநகரங்களில் கையெழுத்தான நட்பு கோட்டைக்குள் செல்லவில்லை. பூசலும் செலவும் பொறுக்காமல் 1623இலேயே வெளியேறினார்கள். அதே ஆண்டு அம்போனில், கோட்டையைக் கைப்பற்றச் சதி செய்ததாகச் சொல்லி, பத்து ஆங்கிலேயரையும் அவர்களோடு ஜப்பானியக் கூலிப்படையினரையும் கம்பெனி அதிகாரிகள் தலைவெட்டிக் கொன்றார்கள். வாய்மேல் துணி கட்டி நீரூற்றி வாங்கிய வாக்குமூலமே சான்று. குற்றம் சாட்டியதும் விசாரித்ததும் தண்டித்ததும் ஒரே கம்பெனிதான். நெதர்லாந்து அரசு கேட்காத, விரும்பாத செயல் இது. ஆனாலும் அதன் பழி ஒரு தலைமுறைக்கு அந்த அரசின் மீது நின்றது. இங்கிலாந்தில் அம்போன் ஒரு வசைச்சொல்லானது, முதல் ஆங்கில–டச்சுப் போருக்கு முன்னும் போரின்போதும் பகையை மூட்ட அது பயன்பட்டது. 1654 உடன்படிக்கையில் அதற்காக இழப்பீடு கொடுத்துத்தான் டச்சுக்காரர் கணக்கை முடிக்க வேண்டியிருந்தது.

பழவேற்காட்டை விட்டுப்போன ஆங்கிலேயர் நெடுந்தூரம் போகவில்லை. 1626இல் அதே ஏரிப் பகுதியின் வடபுறம் துர்க்கராஜப்பட்டினத்தில், அவர்கள் ஆர்மகான் என்று அழைத்த இடத்தில், சிறு அரண் அமைத்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் டே 1639இல் தெற்கே ஒரு மணல்திட்டைத் தேடிப் பிடித்தார். அதுதான் இன்றைய சென்னை. கூட்டாளியாக உள்ளே வைத்திருக்கக்கூடிய போட்டியாளரைக் கோட்டைப் புத்தி வெளியே தள்ளியது. அந்தப் போட்டியாளர் இரண்டு நூற்றாண்டுக்குள் கோட்டையையே எடுத்துக்கொண்டார். 1781இல் முதன்முறை பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1825இல் நிரந்தரமாக.

இதற்கு எளிதில் எழும் மறுப்பு, இது ஒரு வணிகக் கம்பெனியின் கதை, நாட்டின் படையைப் பற்றி இதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது என்பது. ஆனால் போர் தொடுக்கும் உரிமையை நாடுதான் தந்தது, கம்பெனி வீரர்கள் அரசுப் பேரவைக்கும் சேர்த்தே உறுதிமொழி எடுத்தார்கள், இழப்பீட்டைப் பேசி முடித்ததும் நாடுதான். சொல்லப்போனால் கம்பெனி என்பதால் நோய் வெளிப்படையாகத் தெரிகிறது; அவ்வளவே. அந்தக் காலமே கொடுமையான காலம் என்ற மறுப்புக்கும் விடை மேலே வந்துவிட்டது. ரெயாலும் வான் டெர் ஹாகனும் அதே காலத்து மனிதர்கள். வேறு வழி உண்டு என்று அவர்கள் சொன்னார்கள். கேட்பதற்கு அமைப்பில் காது இல்லை.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு. இந்தக் கம்பெனி தோற்றுவிடவில்லையே, ஏறத்தாழ இருநூறு ஆண்டு நிலைத்து உலகின் பெரும் பணக்கார நிறுவனமாக இருந்ததே என்பது. உண்மைதான். சிறிய, ஒதுங்கிய எதிரிகளிடம் மூடிய படை நீண்டகாலம் வெல்லும். தவறைச் சுட்டிக்காட்டும் அளவு வலிமையான எதிரி வரும்வரை தவறு தவறாகவே தெரியாது. அப்படி ஒரு எதிரி குளச்சலில் நின்றார். 1739இல் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹோப், திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மாவை மிரட்டிப் பணியவைக்கலாம் என்று கணக்குப் போட்டார். மன்னர் பணியவில்லை, போர் மூண்டது. கிழக்கிலிருந்து வரவேண்டிய பெரிய உதவிப் படை வரவே இல்லை. 1740 அக்டோபரில் பத்தாவியாவில் கம்பெனி ஆட்சியின் கீழ் சுமார் பத்தாயிரம் சீனர்கள் கொல்லப்பட்டு, அதிலிருந்து ஜாவா முழுக்கப் போர் வெடித்திருந்தது. கவர்னர் ஜெனரல் வால்கெனியர் தம்மை எதிர்த்த சபை உறுப்பினர்களைக் கைது செய்து தாய்நாட்டுக்கு அனுப்பினார். அவர்களில் ஒருவர் அதே வான் இம்ஹோப். 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுப் படை சரணடைந்தது. பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய் மார்த்தாண்ட வர்மாவின் படையை நவீனமாக்கும் தளபதியானார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில் கம்பெனி திருவிதாங்கூர் விவகாரத்தில் தலையிடுவதைக் கைவிட்டது. ஊழலும் மாறிய வணிகமும் ஆங்கிலேயரோடு நடந்த நான்காம் போரும் சேர்ந்து கம்பெனியை வீழ்த்தின. படைக் கலாச்சாரம் ஒன்றே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் ஓரிடத்தில் மூட்டிய தீயால் மற்றோரிடத்தில் தோற்றது அதே கலாச்சாரத்தின் விளைச்சல்தான்.

படைக்கு நெருக்கமும் இரகசியமும் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. குண்டு பாயும் இடத்தில் பொதுக்கூட்டம் நடத்த முடியாது. ஆனால் நெருக்கமான குழுவெல்லாம் மூடிய குழு அல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மீனவர்கள் ஏரியில் வலைகட்டும் இடத்தை முறைவைத்துப் பங்கிடும் பாடு என்ற ஏற்பாட்டைப் பாருங்கள். கட்டுப்பாடு மிகுந்த ஏற்பாடுதான். தன் முறை வராதவர் அங்கே வலை இறக்க முடியாது. ஆனால் யாருக்கு எந்த நாள் என்பது, நட்டப்படப்போகிறவரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் முடிவாகிறது. அந்த ஏற்பாடும் தகராறில் மாட்டிக்கொள்வது எப்போது? பாட்டில் இடமில்லாத பிற சமூகத்தாரும் பிற ஊராரும் ஏரி எங்களுக்கும்தானே என்று கேட்கும்போது. உள்ளே இருப்பவர்களுக்கு நியாயமாக இருந்தும், வெளியே இருப்பவரைக் கேட்கத் தவறிய இடத்தில் அதுவும் இடறுகிறது. எனவே கேள்வி இரகசியத்தைப் பற்றியதல்ல. சுமை சுமப்பவரின் குரல் முடிவெடுப்பவரின் காதுக்கு எட்டுகிறதா என்பதே கேள்வி.

இருபதாம் நூற்றாண்டில் தமிழர் இதை மிக அருகில் பார்த்தார்கள். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. புலிகளைச் சில வாரங்களில் அடக்கிவிடலாம் என்று தரைப்படைத் தளபதி சுந்தர்ஜி பிரதமருக்கு நம்பிக்கை அளித்ததாக, அப்போது கொழும்பில் தூதராக இருந்த ஜே.என். டிக்ஷித் எழுதியிருக்கிறார். போர் தொடங்கிய ஓரிரு நாளிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் முப்பது வீரர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் மாண்டார்கள். அக்டோபர் 21இல் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்த படையினர் நோயாளிகளையும் மருத்துவர்களையும் செவிலியரையும் சுட்டுக் கொன்றார்கள். வழிகாட்டக்கூடிய உள்ளூர் அறிவு அன்று இல்லாமல் இல்லை. எல்லைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஒரே மொழி பேசும் மக்கள் இருந்தார்கள். பெரிய டாங்கிப் போருக்குப் பழகிய தலைமை தனக்குப் பழகிய போரையே யாழ்ப்பாணத்தின் ஒழுங்கைகளில் தேடியது. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். காக்கப் போன மக்களின் நம்பிக்கை எப்போதோ போயிருந்தது.

இதே நோய் முற்றினால் என்ன ஆகும் என்பதை 1999 கார்கில் காட்டியது. பாகிஸ்தானில் முஷரப் உள்ளிட்ட நான்கு தளபதிகள் தங்களுக்குள் போட்ட திட்டம் அது. தங்கள் விமானப்படைக்கும் கடற்படைக்கும்கூட முன்கூட்டிச் சரிவரச் சொல்லவில்லை. மலைமுகடுகளைப் பிடிப்பது என்ற அளவில் திட்டம் துல்லியமாக நடந்தது. இந்தியா எப்படித் திருப்பி அடிக்கும், உலகம் என்ன சொல்லும் என்று கேட்கவேண்டியவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. முடிவில் ஜூலை 4ஆம் தேதி பிரதமர் நவாஸ் ஷெரீப் வாஷிங்டனுக்கு ஓடவேண்டியதாயிற்று. இறந்த தன் வீரர்கள் பலரின் உடலைக்கூட அந்த நாடு ஏற்க மறுத்தது. சாகச் சொன்ன அமைப்பு, செத்தவரை ஒப்புக்கொள்ளாத இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அப்படியானால் அரசியல்வாதிகள் படையை முழுக்கக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டுமா? 1962 சீனப் போர் அதற்கு விடை. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது படைத் தலைமையில் அவருக்கு உகந்தவர்கள் உயர்ந்தார்கள்; 1959இல் தளபதி திம்மையா பதவி விலகக் கடிதம் கொடுத்துத் திரும்பப் பெற்றார். எல்லையில் முன்னேறிக் காவல்சாவடி அமைத்தால் சீனா திருப்பித் தாக்காது என்ற நம்பிக்கையை, களம் அறிந்த அதிகாரிகளின் எச்சரிக்கை அசைக்கவில்லை. அங்கே மூடியிருந்த வட்டத்தில் சீருடைக்காரரும் இருந்தார், வேட்டிக்காரரும் இருந்தார். யார் கையில் சாவி என்பது இரண்டாவது கேள்வி. மறுத்துப் பேசுகிறவர் பதவியை இழக்காமல் பேச முடிகிறதா என்பது முதல் கேள்வி.

இதை அளக்க ஓர் எளிய வழி, போர் முடிந்தபின் ஒரு நாடு தன்னிடம் என்ன கேட்டுக்கொள்கிறது என்று பார்ப்பது. கார்கிலுக்குப் பின் கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழுவின் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டாலும், 2000இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. உளவு, எல்லைக் காவல், படைகளின் ஒருங்கிணைப்பு பற்றிய சீர்திருத்தங்கள் அதிலிருந்து பிறந்தன. 1962 பற்றிய ஹென்டர்சன் புரூக்ஸ்–பகத் அறிக்கை இன்னும் அதிகாரபூர்வமாக வெளியிடப்படவில்லை. அமைதிப்படைப் போரைப் பற்றிப் பெரும்பாலும் நமக்குத் தெரிவது அதில் இருந்தவர்கள் ஓய்வுபெற்றபின் எழுதிய நூல்களிலிருந்துதான். அறுபது ஆண்டு கடந்த ஒரு போரின் கணக்கை மறைத்துவைக்க எதிரிக்குச் சாதகமாகிவிடும் என்ற காரணம் இனிச் செல்லாது. 1622இல் பங்குதாரர்களுக்குச் சொல்லப்பட்டதும் அதே காரணம்தான். படையை நேசிப்பது என்றால் அதனிடம் கேள்வி கேட்காமல் இருப்பது என்று நம்மிடம் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இறந்த வீரர்களுக்கும், அங்கே இறந்த மருத்துவமனை ஊழியர்களுக்கும் நாம் பட்டிருக்கும் கடன் அதற்கு நேர்மாறானது. அந்த அறிக்கைகளைக் கேட்டு வாங்குவதே அந்தக் கடனின் முதல் தவணை.